ஜப்பானிய வர்த்தகத்தின் பிதா: ஷிபுஸாவா எயிச்சி

2024-ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஜப்பானில் வெளியான புதிய 10,000 யென் நோட்டில் இடம்பெற்றவர் சக்கரவர்த்தியுமல்லர், சேனாதிபதியுமல்லர், ஒரு வர்த்தகர். ஜப்பானுக்குச் சென்று தொழில் செய்யும் அந்நியக் கம்பெனிகள் நெடுங்காலமாக ஒரே விதமான குறைகளைக் கூறி வருகின்றன. அந்நாட்டார் எளிதில் முடிவு சொல்வதில்லை. பலருடைய சம்மதத்தையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒப்பந்தப் பத்திரத்தைவிடப் பழக்கத்தையே பெரிதாக எண்ணுகிறார்கள் என்பனவே அக்குறைகள். இவ்வழக்கங்களெல்லாம் ஒரு மனிதரால் உண்டாயின என்று நாம் கூற மாட்டோம். ஆயினும் அவற்றின் உட்பொருளை அறிய விரும்புவோர் ஷிபுஸாவா எயிச்சியின் சரித்திரத்தை அறிவது நலம்.

அவர் 1840-ம் வருஷத்தில், இக்காலத்தில் ஸைட்டாமா எனப்படும் பிரதேசத்தில் ஒரு குடியானவர் வீட்டில் பிறந்தார். பட்டுப்பூச்சி வளர்ப்பதும் நீலச்சாயம் செய்து விற்பதும் அக்குடும்பத்தின் தொழில்கள். சிறு பிராயத்திலேயே அவர் கன்பூஷியஸின் உபதேசங்களையும் கற்றார். நீல இலையின் தரம் பார்த்து விலை பேசவும் கற்றார். அந்நாளில் ஜப்பானிய சமூகத்தில் வாளேந்திய ஸாமுராய் முதல் ஸ்தானத்திலும், வியாபாரி கடைசி ஸ்தானத்திலும் இருந்தனர். கிராமத்தாரிடம் பணம் தண்டிய அதிகாரி ஒருவன் தம்மை இழிவாகப் பேசியது அவ்விளைஞரின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று.

1863-ல் அவரும் சில தோழர்களும் ஒரு கோட்டையைப் பிடித்து ஆயுதங்களைக் கைப்பற்றி, யோகோஹாமாவில் இருந்த அந்நியர் குடியிருப்பைத் தீக்கிரையாக்கச் சதி செய்தனர். காரியம் பயன் தராது என்று கண்டு கடைசியில் கைவிட்டனர். நான்கு வருஷங்களுக்குப் பின் விதி அவரைப் பாரிஸ் நகரத்துக்கே கொண்டு சேர்த்தது. 1867-ம் வருஷத்துச் சர்வதேசக் கண்காட்சிக்குச் சென்ற ஷோகுனின் தம்பியுடைய பரிவாரத்தில் அவர் கணக்குப் பார்ப்பவராகச் சென்றார். அங்கே சேனை அதிகாரியும் பாங்கிக்காரரும் சமமாக அமர்ந்து பேசுவதைக் கண்டார். பெல்ஜிய தேசத்து மன்னரே தம் நாட்டு இரும்பை வாங்கும்படி விருந்தினரிடம் சிபாரிசு செய்ததைக் கேட்டு வியந்தார். வர்த்தகம் இழிதொழிலன்று, தேசத்தைத் தாங்கும் தூண் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

தாயகம் திரும்பியபோது ஷோகுனின் ஆட்சி மறைந்து மெய்ஜி அரசாட்சி தோன்றியிருந்தது. சில காலம் நிதி இலாகாவில் உத்தியோகம் பார்த்தார். 1873-ல் அப்பதவியைத் துறந்து, அவ்வருஷமே தொடங்கிய முதல் தேசிய பாங்கியின் நிர்வாகத்தை ஏற்றார். அந்நியரை எரிக்க எண்ணியவர், இப்பொழுது அந்நியரைக் குருவாகக் கொண்டார். சர்க்கார் அமர்த்தியிருந்த ஷாண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஜப்பானியருக்குப் பாங்கிக் கணக்கு எழுதும் முறையைப் போதித்தார். 1874-ல் அப்பாங்கியின் பெரும் பங்குதாரர்களில் ஒன்றான ஓனோ வர்த்தக இல்லம் முறிந்தது. அவ்வில்லத்தைச் சேர்ந்த ஃபுருகாவா இச்சிபே என்பவர் ஒளிவு மறைவின்றிச் சொத்துக்களை ஈடாக ஒப்படைத்தமையால் பாங்கி பிழைத்தது. ஷிபுஸாவா இதை மறக்கவில்லை. பின்னர் ஃபுருகாவாவின் சுரங்கத் தொழிலுக்குத் துணை நின்றார். வாக்கில் நாணயம் உடையவனே முதல் உடையவன் என்பது அவருடைய சித்தாந்தம்.

பலருடைய சிறு முதலையும் ஒன்று சேர்த்துப் பொது நன்மைக்கான தொழிலை நடத்துவதே அவர் கைக்கொண்ட வழி. மிட்ஸுபிஷியை ஸ்தாபித்த இவாஸாக்கி யதாரோ வேறு கொள்கையர். ஒருவர் கையில் அதிகாரம் குவிந்தாலன்றித் தொழில் ஓங்காது என்பது அவர் எண்ணம். 1878-ல் ஒரு விருந்தில் இருவரும் இதைப் பற்றி வாதித்து மனஸ்தாபத்துடன் பிரிந்தனர். பின்னர் ஷிபுஸாவா கோஷ்டியார் ஆதரித்த கப்பற் கம்பெனிக்கும் மிட்ஸுபிஷிக்கும் கடும் போட்டி மூண்டு, இரண்டும் நாசமடையும் தறுவாயில், 1885-ல் இரண்டும் இணைந்து நிப்பான் யூஸென் கைஷா என்ற கம்பெனியாயின.

இந்தக் கப்பற் கம்பெனியின் கதையில் நமது பாரத தேசத்துக்கும் பங்கு உண்டு. ஷிபுஸாவாவின் முயற்சியால் ஏற்பட்ட ஒஸாகா நூல் மில் 1883-ல் 10,500 கதிர்களுடன் வேலை தொடங்கிற்று. மில்கள் பெருகப் பெருக, பம்பாய்ப் பஞ்சு அவற்றுக்கு இன்றியமையாததாயிற்று. அப்பஞ்சை ஏற்றிச் சென்ற பி. அண்டு ஓ. என்ற ஆங்கிலக் கம்பெனியும் அதன் கூட்டாளிகளும் வைத்ததே கூலி. 1893-ல் ஜம்ஷெட்ஜி டாட்டா ஜப்பானுக்குச் சென்று, ஷிபுஸாவாவையும் கப்பற் கம்பெனியாரையும் கண்டு பேசினார். நஷ்டத்தில் தாங்களும் சமபங்கு ஏற்றுக் கப்பல் விட வேண்டும் என்று ஜப்பானியர் கேட்டனர், டாட்டா உடன்பட்டார். அவ்வருஷம் நவம்பரில் பம்பாய் மார்க்கத்தில் முதற் கப்பல் புறப்பட்டது.

ஆங்கிலக் கம்பெனி உடனே தன் ஆயுதத்தை எடுத்தது. டன்னுக்கு 17 ரூபாயாக இருந்த கூலியை 2 ரூபாய்க்கும் கீழே இறக்கிற்று. பம்பாய் வியாபாரிகள் பலர் மலிவை நாடி டாட்டாவைக் கைவிட்டனர். அவர் தம் சொந்தக் கப்பல்களை நிறுத்த நேர்ந்தது. ஜப்பானில் நடந்ததோ வேறு. இன்றைய மலிவு நாளைய அடிமைத்தனத்துக்கு இடும் தூண்டில் என்பதை ஷிபுஸாவா மில்காரர்களுக்கு உணர்த்தினார். நூல் மில் சங்கத்தார் எவ்வளவு மலிவாயினும் பிறர் கப்பலில் பஞ்சு ஏற்றுவதில்லை என்று கட்டுப்பாடு செய்து, அதைக் காத்தனர். 1896-ல் பி. அண்டு ஓ. கம்பெனி சமரசத்துக்கு இறங்கி வந்தது.

விலையைக் குறைத்தால் எவரையும் வாங்கிவிடலாம் என்று எண்ணியவர்கள் அங்கே தோற்றனர். நஷ்டத்தில் பங்கு கொள்ளச் சம்மதித்த டாட்டாவின் கப்பல்கள் நின்றபோதிலும், அவர் ஜப்பானியரோடு சேர்ந்து திறந்த பாதை நிலைத்தது. ஜப்பானில் தொழில் செய்யப் போகும் அந்நியர் அறிய வேண்டிய ரகசியம் இதுவே. அங்கே தாமதமாகத் தோன்றுவது, பலரையும் ஒரே கட்டுப்பாட்டில் நிறுத்தும் முயற்சி. அக்கட்டுப்பாடு ஒருமுறை அமைந்துவிட்டால் எளிதில் குலையாது.

புகழுரையோடு நிறுத்துவது நியாயமாகாது. ஒஸாகா மில் இரவும் பகலும் ஓடிற்று. அதன் லாபத்தில் ஏழைப் பெண்களின் தூக்கமும் ஆரோக்கியமும் கலந்திருந்தன. 1902-ல் அவருடைய பாங்கி அவர் உருவம் பொறித்த நோட்டுக்களைக் கொரியாவில் வெளியிட்டது. 1910-ல் அந்நாடு ஜப்பானுக்கு அடிமையாயிற்று. தம் நாட்டின் வர்த்தகம் அந்நியர் கையில் சிக்கலாகாது என்று போராடியவருடைய முகம், அயல்நாட்டாருக்கு அந்நிய ஆதிக்கத்தின் முத்திரையாகத் தோன்றியது பரிதாபமே. கொரியர் அதை இன்றும் மறக்கவில்லை. மறக்க வேண்டுமென்று கேட்க எவருக்கும் உரிமையில்லை.

ஏறக்குறைய 500 கம்பெனிகள் தோன்றுவதற்கு உதவியும், மற்றச் சீமான்களைப் போல் அவற்றைத் தம் குடும்பச் சொத்தாக்க அவர் முயலவில்லை. டோக்கியோவின் அநாதை ரட்சண ஸ்தாபனத்தை அந்திய காலம் வரை பரிபாலித்தார். தர்மமும் லாபமும் ஒன்றையொன்று தழுவியே நிற்க வேண்டும் என்பதை விளக்கி 1916-ல் ஒரு நூல் வெளியிட்டார். கன்பூஷியஸின் உபதேசத்தையும் கணக்குப் போடும் மணிச்சட்டத்தையும் அதன் பெயரிலேயே சேர்த்து வைத்தார். 1931-ம் வருஷம் நவம்பர் 11-ந் தேதி, தொண்ணூற்றொன்றாம் பிராயத்தில் காலமானார்.

முதலும் இயந்திரமும் கடன் வாங்கக் கூடியவை. நாணயத்தையும் ஒற்றுமையையும் எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. அவரவரே வளர்த்துக்கொள்ள வேண்டும். ஷிபுஸாவாவின் வாழ்க்கை புகட்டும் பாடம் இதுவென்று நாம் கருதுகிறோம். அப்பாடத்தை எல்லை கடந்ததும் மறந்துவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் அவ்வாழ்க்கையே சாட்சி.