தலைச்சுற்றலின் காரணத்தைக் கண்களில் தேடிய மருத்துவர் ராபர்ட் பாரனி

1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு ஆஸ்திரிய மருத்துவர் ராபர்ட் பாரனிக்கு வழங்கப்படும் செய்தி எட்டியபோது, அவர் ரஷியப் போர்க்கைதிகள் முகாமில் இருந்தார்.

1876 ஏப்ரல் 22-இல் வியன்னாவில் பிறந்த பாரனி, சிறு வயதில் எலும்புக் காசநோயால் பாதிக்கப்பட்டார். அதனால் விறைத்துப்போன முழங்கால் இறுதிவரை சரியாகவில்லை. 1900-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், பின்னர் ஆடம் பொலிட்சரின் காது மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கு காதைத் தண்ணீரால் கழுவும்போது சில நோயாளிகளுக்குத் தலை சுற்றியது. அவர்களின் கண்களைக் கவனித்த பாரனி, விழிகள் தாமாகவே ஒரு பக்கமாகத் துள்ளுவதைக் கண்டார். தண்ணீர் போதிய சூடின்றி இருந்தால்தான் தலை சுற்றுவதாக ஒரு நோயாளி கூறினார். அவருக்காக அடுத்த முறை கொண்டுவரப்பட்ட தண்ணீரோ மிகவும் சூடாக இருந்தது. அப்போதும் தலை சுற்றியது; ஆனால் விழிகள் எதிர்த்திசையில் துள்ளின.

அந்த எதிர்த்திசையே அவருக்கு விடையளித்தது. உட்காதின் அரைவட்டக் குழாய்களிலுள்ள திரவம் சூடானால் மேலெழும், குளிர்ந்தால் கீழிறங்கும். அந்த ஓட்டத்தையே மூளை தலை சுழல்வதாக உணர்கிறது என்று அவர் விளக்கினார். நோயாளியின் சொல்லை மட்டும் நம்பியிராமல், ஒவ்வொரு காதின் சமநிலை உறுப்பையும் தனித்தனியே சோதிக்க இதனால் வழி பிறந்தது. தண்ணீர் பாய்ச்சியும் விழிகள் அசையாவிட்டால் பழுது அந்தக் காதில் இருக்கக்கூடும். சுழல் நாற்காலிச் சோதனையையும் அவர் முறைப்படுத்தினார்.

முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகத் தாமே முன்வந்து சேர்ந்த பாரனி, பிரெமிஷெல் கோட்டை 1915-இல் வீழ்ந்தபோது சிறைப்பட்டார். ஸ்வீடன் இளவரசர் கார்லின் முயற்சியால் 1916-இல் விடுதலையாகி, ஸ்டாக்ஹோமில் பரிசைப் பெற்றார்.

தாயகத்தில் வரவேற்பு இல்லை. பிறரது கண்டுபிடிப்புகளைத் தம் நூல்களில் உரியவாறு குறிப்பிடவில்லை என்று சக மருத்துவர்கள் அவரைக் குறைகூறினர். மனம் கசந்த அவர் 1917-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். படுக்கையில் புரளும்போதும் தலையைத் திருப்பும்போதும் நேரும் தலைச்சுற்றலை 1921-இல் அங்கிருந்தே விவரித்தார். 60 வயது நிறைவடைய இரு வாரங்களே இருந்த நிலையில், 1936 ஏப்ரல் 8-இல் உப்சாலாவில் காலமானார்.

அவரது விளக்கம் முழுமையானதன்று என்பது பின்னர் தெரியவந்தது. 1983-இல் விண்வெளி ஆய்வகத்தில் இச்சோதனை நடத்தப்பட்டபோது, திரவம் மேலெழவோ கீழிறங்கவோ இயலாத எடையற்ற நிலையிலும் விழிகள் துள்ளின. ஆயினும் 30, 44 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைத் தண்ணீரைக் கொண்டு அவர் வகுத்த வழியிலேயே காதுகள் இன்றும் சோதிக்கப்படுகின்றன.