அரண்மனையை நாடாத ஞானி ஹஸ்ரத் நிஜாமுதீன் அவுலியா

கன்னியாகுமரியில் புறப்படும் திருக்குறள் விரைவு ரயில் சென்றடையும் தில்லி ரயில் நிலையத்தின் பெயர் ஹஸ்ரத் நிஜாமுதீன். சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் அந்நகரில் வாழ்ந்து மறைந்த சிஷ்தி மரபு சூஃபி ஞானியின் பெயர் அது.

புகாராவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தில், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் 1238 வாக்கில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் பீபி ஜுலைகா வறுமையில் வளர்த்தார். வீட்டில் உணவில்லாத நாள்களில், இன்று நாம் இறைவனின் விருந்தினர் என்று மகனிடம் அவர் கூறுவாராம்.

கல்விக்காகத் தில்லி வந்த இளைஞர், ஹதீஸிலும் மார்க்கச் சட்டத்திலும் தேர்ந்து, வாதத் திறனால் பெயர் பெற்றார். காஜியாக, அதாவது நீதிபதியாக வேண்டும் என்பதே அவரது அப்போதைய விருப்பம். ஆனால் 20 வயதளவில் அஜோதனுக்குச் சென்று பாபா ஃபரீதைச் சந்தித்தபின் பாதை மாறியது. குருவின் வாரிசாகத் திரும்பிய அவர், தில்லியை அடுத்த கியாஸ்பூரில் மடம் அமைத்தார்.

அங்கு வந்த காணிக்கைகள் சேர்த்து வைக்கப்படவில்லை, வந்தவர்க்கெல்லாம் உணவாயின. அவரோ பெரும்பாலும் நோன்பிருந்தார். கடைத் திண்ணைகளிலும் பள்ளிவாசல்களிலும் பசியோடு உறங்குவோரை எண்ணி, விடியலுக்கு முந்தைய நோன்பு உணவையும் உண்ண முடியாமல் தவித்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

அரசவையை மட்டும் அவர் நாடவே இல்லை. பல சுல்தான்கள் ஆண்டு மறைந்தனர். அலாவுதீன் கில்ஜி சந்திக்க விரும்பியபோதும் இசையவில்லை. 1320-இல் சில மாதங்களே ஆண்ட குஸ்ரு கான் வாரி வழங்கிய பணத்தை அடுத்த சுல்தான் கியாசுதீன் துக்ளக் திருப்பிக் கேட்டார். அது ஏழைகளுக்கு அன்றே பகிரப்பட்டுவிட்டது என்பதே ஞானியின் பதில். பகை முற்றியது. இசையோடு இறைவனை நினைக்கும் சமா முறை மார்க்கத்துக்கு உகந்ததா என அறிஞர்கள் கூடிய அவையில் அவர் விளக்கமளிக்க நேர்ந்தது. வங்காளப் போரிலிருந்து திரும்பும் சுல்தானால் ஆபத்து நேரும் எனச் சீடர்கள் அஞ்சியபோது, தில்லி இன்னும் தொலைவில் உள்ளது என்று மட்டும் அவர் சொன்னதாக வாய்மொழி மரபு. நகருக்கு அருகே ஆப்கான்பூரில் வரவேற்பு மண்டபம் சரிந்து 1325-இல் சுல்தான் இறந்தார்.

அதே ஆண்டு ஞானியும் மறைந்தார். அவரது உரையாடல்களைச் சீடர் அமீர் ஹசன் சிஜ்ஜி பாரசீகத்தில் தொகுத்த ஃபவாயிதுல் ஃபுவாத் இன்றும் பயிலப்படுகிறது. குருவின் பிரிவைத் தாங்காத கவிஞர் அமீர் குஸ்ரு சில மாதங்களில் உயிர் நீத்தார். அதே தர்கா வளாகத்தில்தான் அவரது அடக்கத்தலமும் உள்ளது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஷாஜகானின் மகள் ஜஹானாராவும் அங்கேயே, கூரையற்ற எளிய கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.