கோவையில் எடுக்கும் சிடி ஸ்கேனுக்குள் ஜி.என்.ராமச்சந்திரன் கணக்கு! யார் இவர்?

கோவையிலோ ஈரோட்டிலோ நுரையீரல் புற்றுநோய் சந்தேகத்தோடு ஒருவர் மருத்துவமனைக்குப் போனால், சிடி ஸ்கேன் எடுப்பாங்க. அடுத்து கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பாங்க. அந்த ஸ்கேன் படத்துக்குப் பின்னாலும், சதையில் உள்ள புரதங்களை ஆராய்வதற்குப் பின்னாலும் ஒரே விஞ்ஞானியின் கணக்கு இருக்கிறது.

யார் இவர்?

ஜி.என்.ராமச்சந்திரன். பூர்வீகம் நெல்லை மாவட்டம் கோபாலசமுத்திரம். பிறந்தது 1922-ல் எர்ணாகுளத்தில். பெங்களூரில் எலக்ட்ரிக்கல் படிக்கப் போனவர், சர் சி.வி.ராமனிடம் இயற்பியல் மாணவரானார். கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். அப்போ வயசு முப்பதுதான்!

கங்காரு வாலில் கிடைத்த விடை

தோல், எலும்பு, நுரையீரலைத் தாங்கிப் பிடிக்கும் புரதம் கொலாஜன். அதன் வடிவம் அப்போது பெரிய புதிர். கங்காரு வால் தசைநாரின் எக்ஸ்ரே படங்களை வைத்து ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955-ல் விடை சொன்னார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரில் மூணு பிரி கயிறு திரிப்பாங்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி!

விமர்சனத்தில் பிறந்த வரைபடம்

ஆனால், டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக் தரப்பு இதை ஏற்கவில்லை. அணுக்கள் இவ்வளவு நெருக்கமாக இருக்க முடியாது என்பது அவர்கள் வாதம். அப்படியானால் அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து கணக்குப் போட்டார். புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் வளையும், எந்தக் கோணத்தில் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்று காட்டும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ 1963-ல் வந்தது. உலகில் எங்கே புதிய புரத வடிவம் கண்டுபிடித்தாலும், இன்றைக்கும் இதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள்.

புற்றுநோய்க்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நம்ம செல்களில் பல புரதங்கள் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டியிருக்கும். நுரையீரல் புற்றுநோய்த் திசுவில் இந்தச் சங்கிலிகள் மாறுகின்றன. சியாலிக் அமிலம், ஃபியூகோஸ் போன்ற சர்க்கரைகள் கூடுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். நோய் எதிர்ப்பு சக்தியிடமிருந்து தப்பிக்கவும், வேறு உறுப்புக்குப் பரவவும் இது உதவுகிறது. நாம சாப்பிடுற சர்க்கரை இல்லை இது, செல்லே தயாரிப்பது. சர்க்கரைச் சங்கிலிகள் எப்படி வளையும் என்பதையும் ராமச்சந்திரனின் சென்னைக் குழு 1960-களிலேயே கணக்கிட்டது.

சிடி ஸ்கேன்?

பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரேக்களை ஒரே படமாகச் சேர்க்க, 1971-ல் லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து எளிய கணக்கு முறை தந்தார். ஸ்கேன் பாடப்புத்தகங்களில் அதன் பெயர் ‘ராம்-லாக்’ ஃபில்டர்.

சிடி ஸ்கேனுக்கான நோபல் 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் இருவருக்கும் போனது. ராமச்சந்திரனுக்கு எந்தத் துறையிலும் நோபல் கிடைக்கவில்லை. 2001-ல் சென்னையில் காலமானார்.