கடல் கடந்த மூலதனமும் சிதம்பரம் செட்டியாரும்

திருப்பத்தூர்ச் சீமையில் கீழச்சிவல்பட்டி என்றோர் ஊர் உண்டு. அவ்வூரையோ, நகரத்தார் வாழும் வேறெந்த ஊரையோ கண்டவர்கள், நீண்ட முகப்புகளையும் அகன்ற வளவுகளையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் பார்த்து வியவாமல் திரும்புவதில்லை. வானம் பார்த்த பூமியில் இத்தனை மாளிகைகள் எழுந்தது எங்ஙனம் என்று கேட்பவருக்கு, கடல் கடந்து சென்று ஈட்டிய பொருள் என்ற விடை உடனே கிடைக்கும். அப்பொருளின் பெரும்பகுதி பின்னர் எங்கே போயிற்று என்று கேட்பவர் சிலரே. தேக்கு வந்த வழியில் செல்வமும் வந்தது. அவ்வழி அடைபட்டபோது செல்வம் அக்கரையிலேயே நின்றுவிட்டது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடும் தேசபக்தர்கள் அறியவேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. அது கானாடுகாத்தான் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாருடைய வாழ்க்கையாகும்.

அவர் 1908-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 2-ந் தேதி பிறந்தார். தந்தையார் ஸர் எம்.சிடி. முத்தையா செட்டியார், கடல் கடந்த வியாபாரத்தில் பேர்பெற்ற குடும்பத்தின் தலைவர். 1929-ல் தந்தையார் காலமாகவே, இளம் வயதிலேயே குடும்பத் தொழிலின் பாரம் மகன் தோளில் விழுந்தது. அது விழுந்த காலத்தை நாம் மறக்கலாகாது. அதே வருஷத்தில்தான் உலகெங்கும் பொருளாதார மந்தம் தலைகாட்டிற்று.

அந்நாளில் நகரத்தாரின் லேவாதேவி நடந்த முறையைச் சிறிது விளக்குவோம். முதலாளி ஊரில் இருப்பார். ஏஜெண்டு மூன்று வருஷத் தவணைக்குக் கடல் கடந்து செல்வார். அவருக்குக் கீழே அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருப்பார்கள். தொழிலில் போட்ட சொந்தப் பணம் முதல் பணம். உறவினரும் கோயில்களும் பிறரும் வட்டிக்கு ஒப்படைத்தது மேல்பணம். ரங்கோன் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி, தமக்குள் வழங்கும் நடப்பு வட்டியை அவர்களே நிர்ணயித்துக்கொண்டார்கள். சொல்லும் கணக்கும் சுத்தமாயிருந்தமையால், பத்திரங்கள் அதிகமின்றியே கோடிக்கணக்கான பணம் கைமாறிற்று. 1930-ல் பர்மா மாகாண பாங்கி விசாரணைக் கமிட்டியார் செய்த மதிப்பின்படி, பர்மாவில் மட்டும் நகரத்தார் நடத்திய மூலதனம் சுமார் 75 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நெல் விளையும் நிலங்களின் பேரில் கடனாக நின்றது.

இவ்வேற்பாட்டின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருந்தன. குறுகிய தவணைக்கு வாங்கிய பணம் விவசாயியின் நிலத்தில் நீண்ட காலம் முடங்கிற்று. நெல்லுக்கு விலை உள்ளவரையில் குறையொன்றும் தெரியவில்லை. விலை விழுந்ததும் விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. ஏஜெண்டால் மேல்பணத்தைத் திருப்ப முடியவில்லை. வேறு வழியின்றி நிலங்கள் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் ஜில்லாக்களில், சாகுபடி நிலத்தில் நகரத்தாருக்கு இருந்த பங்கு 1930-ல் நூற்றுக்கு 6. 1938-ல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. பணத்தைக் கேட்டவர்கள் மண்ணைப் பெற்றார்கள். அதை விற்கவும் ஆளில்லை, ஊருக்கு எடுத்து வரவும் இயலாது. நிலமிழந்த பர்மிய விவசாயியின் துயரமோ இதனினும் கொடியது. அவன் கோபம் கண்ணுக்குத் தெரிந்த அந்நியன்மேல் பாய்ந்ததில் ஆச்சரியமில்லை.

கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்றும் உண்டு. இந்தியாவும் பர்மாவும் அக்காலத்தில் ஒரே ரூபாயை வழங்கின. அந்த ரூபாயின் மதிப்பை, தேசியத் தலைவர்களின் ஆட்சேபத்தை மீறி, 1927-ல் 18 பென்ஸ் என்று ஸர்க்கார் நிர்ணயித்தார்கள். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டபோதும், அதே விகிதத்தில் ரூபாயை ஸ்டெர்லிங்குடன் கட்டிவைத்தார்கள். விளைபொருள் விலை சரியும் காலத்தில் நாணயத்தை உயர்ந்த விலையில் நிறுத்துவது, கடன்பட்டவன் சுமையைக் கூட்டுவதற்குச் சமானம். கடன் கொடுத்தவனும் கடன்பட்டவனும் ஒருவரையொருவர் நொந்துகொண்டிருக்கையில், இருவர் தலைவிதியையும் எழுதிய பேனா லண்டனில் இருந்தது. தன் நாணயத்தின் மேல் தனக்கு அதிகாரமில்லாத தேசத்தின் செல்வம் எத்தனை பெரிதாயினும் நிலையற்றதே என்று நாம் சொல்வது இதனாலேயே.

இச்சூழ்நிலையில் சிதம்பரம் செட்டியார் கண்ட உண்மை எளியது. குடும்பங்களின் பெயரால் தனித்தனியே நடக்கும் லேவாதேவி இனி நில்லாது. பலர் பங்கு சேர்ந்து, கணக்கைப் பகிரங்கமாக வெளியிட்டு நடத்தும் பாங்கியே நிற்கும். அன்றியும், அந்நிய நாணய மாற்று வியாபாரம் பெரும்பாலும் பிரிட்டிஷ் எக்ஸ்சேஞ்ச் பாங்கிகளின் கையிலேயே இருந்தது. தமிழன் பினாங்கிலிருந்து பணம் அனுப்பினாலும், ரங்கோனிலிருந்து அரிசி வாங்கினாலும், இடையில் நின்று லாபம் பெற்றவன் வேறொருவன். அந்தத் துறையிலேயே இறங்குவதென்று அவர் முடிவு செய்தார். 1937 பிப்ரவரி 10-ந் தேதி இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கி தோன்றிற்று. காரைக்குடி, சென்னை, ரங்கோன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தெட்டு.

திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் முதல் சோதனை வந்தது. 1937 ஏப்ரல் 1-ந் தேதி பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. நேற்றுவரை உள்நாடாயிருந்தது வெளிநாடாயிற்று. மறு வருஷத்தில் இரண்டாவது சோதனை. 1938 ஜூனில் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கி பணம் கொடுப்பதை நிறுத்திற்று. தென்னாடெங்கும் பீதி பரவி, ஜனங்கள் பாங்கிகளின் வாசலில் திரண்டனர். ரிஸர்வ் பாங்கி பிறந்து மூன்று வருஷமே ஆகியிருந்தது. ஆபத்துக் காலத்தில் அது கைகொடுக்கவில்லை என்ற மனக்குறை இப்பகுதியில் நெடுநாள் நிலவிற்று. 1906-ல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்ததும், அந்த இடிபாட்டிலிருந்தே 1907-ல் இந்தியன் பாங்கி எழுந்ததும் பெரியவர்களுக்கு நினைவிலிருந்தன. இத்தகைய காற்றிலும் சிதம்பரம் செட்டியாரின் இளம் பாங்கி சாயாமல் நின்றது. பினாங்கு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று அதன் கிளைகளும் பரந்தன.

மூன்றாவது சோதனை யுத்தம். 1942-ல் ஜப்பானியர் பர்மாவையும் மலேயாவையும் பிடித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து கால்நடையாகத் தாயகம் மீண்டனர். வழியில் மாண்டவர் பலர். ரங்கோன் பெட்டியடிகளில் இருந்த பேரேடுகள் பல திரும்பி வரவேயில்லை. 1948-ல் சுதந்திரம் பெற்ற பர்மா நில தேசியமயச் சட்டம் கொண்டுவந்தது. 1963-ல் பாங்கிகளும் அங்கே ஸர்க்கார் உடைமையாயின. தன் மண்ணைத் தான் பெறவேண்டுமென்ற பர்மியரின் விருப்பத்தைச் சுதந்திரத்திற்காகப் போராடிய நாம் குறை கூற முடியாது. ஆயினும் ஊருணி வெட்டியும் பள்ளிக்கூடம் நடத்தியும் வந்த பல குடும்பங்கள் ஒரே தலைமுறையில் நிலைகுலைந்ததையும் மறைக்க முடியாது.

யுத்தத்திற்குப் பின் கொழும்பிலும் பாங்காக்கிலும் தம் பாங்கியின் கிளைகளை நாட்டிய அதே மனிதர், மற்றொரு கையால் தாய்நாட்டில் தொழிற்சாலை கட்டத் தொடங்கினார் என்பதே நாம் வற்புறுத்த விரும்பும் விஷயம். 1938-லேயே யுனைடெட் இந்தியா தீ மற்றும் பொது இன்ஷியூரன்ஸ் கம்பெனியின் முயற்சியில் அவர் இறங்கியிருந்தார். 1946-ல் பெரும்பாவூரில் திருவாங்கூர் ரேயான்ஸ் கம்பெனி அமைந்தது. 1950-ல் அங்கே உற்பத்தி ஆரம்பித்தபோது, இந்தியாவில் செயற்கைப் பட்டு நூல் செய்த முதல் ஆலை என்ற பெருமை அதற்குக் கிடைத்தது. வட்டியாக வாழ்ந்த பணம் இயந்திரமாக உருமாறிற்று. அதே காலத்தில் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரிகளை நிறுவி, மத்திய மின் இரசாயன ஆராய்ச்சி நிலையத்திற்கென 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். இருவரும் வெவ்வேறு வழியில் சென்று ஒரே இடத்தைச் சேர்ந்தவர்கள்.

1954 மார்ச் 13-ந் தேதி சிங்கப்பூர்க் காலாங் விமான நிலையத்தில் இறங்கிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளாகித் தீப்பற்றிற்று. அதில் மாண்ட பிரயாணிகளுள் சிதம்பரம் செட்டியாரும் ஒருவர். அவருக்கு அப்பொழுது வயது நாற்பத்தைந்து. கடல் கடந்த தொழிலின் பொருட்டே வாழ்ந்தவர் கடலுக்கு அப்பாலேயே மறைந்தார்.

அவர் நட்ட பாங்கி 1969 ஜூலை 19-ந் தேதி தேசியமாக்கப்பட்ட பதினான்கு பாங்கிகளுள் ஒன்றாயிற்று. பொது உடைமையானதனால் ஒரு ஸ்தாபனத்திற்குச் சோதனை நின்றுவிடுவதில்லை. வாராக்கடன் பெருகியதால் 2015 முதல் 2021 வரையில் அதே பாங்கி ரிஸர்வ் பாங்கியின் விசேஷக் கண்டிப்பில் இருந்தது, பிறகு மீண்டது. கீழ்ப்பர்மாவின் வயல்களில் நகரத்தார் கற்ற பாடமும் இதுவே அன்றோ? திரும்பி வராத கடன் எவர் பெட்டியிலிருந்து போனாலும், இறுதியில் ஜனங்களின் சேமிப்பிலிருந்தே போகிறது.

வளரும் தேசங்களின் நிதி விவகாரங்களைப் பற்றி நம் ஊழியர்கள் மேடைகளில் பேசுகிறார்கள். 1991-ல் அந்நியச் செலாவணி இன்றி நம் தேசம் தங்கத்தை அடகு வைத்ததையும், 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்ததையும் எடுத்துக்காட்டுகிறார்கள். நல்லதே. ஆனால் இப்பாடத்தைக் கற்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஒரே பயிரின் விலையை நம்பிய கடன், குறுகிய தவணைப் பணத்தில் நீண்ட காலக் கடன், பிறர் கையிலுள்ள நாணயம், அண்டை நாட்டாரின் நல்லெண்ணத்தைச் சம்பாதிக்காத செல்வம் ஆகிய நான்கும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குச் செட்டிநாட்டின் சரித்திரமே சாட்சி.

கீழச்சிவல்பட்டி போன்ற ஊர்களின் மாளிகைகளைப் படம் பிடித்துச் செல்பவர்கள் இன்று பலர். அத்தூண்களின் அழகைப் புகழ்வதோடு நம் கடமை தீராது. அந்த உழைப்பும், அந்தக் கணக்குச் சுத்தமும், அந்தத் துணிவும் நம் மண்ணில் ஆலையாகவும் பாங்கியாகவும் கல்விச்சாலையாகவும் வேரூன்ற வேண்டுமென்று முயன்ற ஒருவரின் பெயரையும் இளைஞர்களுக்குச் சொல்லவேண்டும். ஜனங்களின் சேமிப்பு எங்கே போகிறது, எதன் பேரில் கடனாகிறது, எப்பொழுது திரும்பும் என்று அவர்கள் கேட்கப் பழகுவார்களாயின், சிதம்பரம் செட்டியாருக்கு அதைவிடச் சிறந்த ஞாபகச் சின்னம் வேறொன்று நமக்குத் தோன்றவில்லை.