மனையியல் கண்ட மாதரசி

வீடே மக்கள் பயிலும் முதற்பள்ளி. குழந்தை அங்கே நடக்கப் பழகுகிறது, பேசப் பழகுகிறது, பகிர்ந்து உண்ணப் பழகுகிறது. குடும்பத்தின் வரவும் செலவும் அங்கேயே அளவிடப்பெறுகின்றன. வருவாய் சிறிதாயினும், செலவு அதனின் மிகாதாயின் குடிக்குக் கேடில்லை என்பது திருவள்ளுவர் கருத்து. ஆயினும், குழந்தை வளர்ப்பும் குடும்பப் பொருளியலும் பல்கலைக்கழகத்தில் பயிலத்தக்கவை என்று உலகம் நெடுங்காலம் எண்ணவில்லை. தாய் செய்வதைக் கண்டு மகள் செய்தால் போதும் என்றே பலரும் இருந்தனர். அந்நிலை மாற வழிவகுத்தவர்களுள் தலையாயவர், அமெரிக்க நாட்டில் வாழ்ந்த எல்லன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்.

அமெரிக்காவின் வடகிழக்கில் மாசச்சூசெட்ஸ் என்னும் மாநிலம் உள்ளது. அங்கு டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில், 1842 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 3 ஆம் நாள் எல்லன் பிறந்தார். பெற்றோர்க்கு அவர் ஒரே மகள். தாய் தந்தையர் இருவரும் ஆசிரியத் தொழில் செய்தவர்கள். ஆதலின் மகளுக்குத் தாமே வீட்டில் கல்வி புகட்டினர். பின்னர் மகளின் படிப்பை முன்னிட்டு வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்கே தந்தையார் கடை வைத்தார். எல்லன் பள்ளி நேரம் போக மிகுந்த நேரத்தில் கடையில் துணைநின்றார். எப்பொருளை எவ்விலைக்கு வாங்குகின்றனர், எதற்கு வீணே காசு கொடுக்கின்றனர் என்பவற்றை அவர் அங்கே கண்ணாரக் கண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய நூல்களுக்கு அச்சிறு கடையே வித்திட்டது எனலாம்.

பள்ளிப் படிப்பு முடிந்த பின்னும் அவருடைய அறிவுப் பசி அடங்கவில்லை. ஆனால், அக்காலத்தில் பெண்களுக்கு உயர்கல்வி அளித்த கல்லூரிகள் மிகச் சிலவே. பொருள் வசதியும் குறைவு. தாயாரோ அடிக்கடி நோயுற்றார். எல்லன் தாயாருக்குப் பணிவிடை செய்தார்; வீட்டு வேலைகளைப் பார்த்தார்; பள்ளியில் ஆசிரியராக இருந்தார்; பிள்ளைகளுக்குத் தனியே பாடம் சொல்லிக் கொடுத்தார். இவ்வாறு பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் 300 டாலர் ஆயிற்று. அத்தொகையுடன் 1868 இல் வாசர் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. அங்கே வானியலும் வேதியியலும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. அறிவியல் அன்றாட வாழ்வின் இடர்களைக் களையப் பயன்பட வேண்டும் என்று அவருடைய வேதியியல் ஆசிரியர் கற்பித்தார். அக்கருத்து எல்லனின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. 1870 இல் பட்டம் பெற்றார்.

மேலும் வேதியியல் பயில விரும்பிய அவர், பாஸ்டன் நகரிலிருந்த மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு விண்ணப்பம் செய்தார். அக்கழகத்தில் அதுவரை ஒரு பெண்ணும் பயின்றதில்லை. ஆட்சிக் குழுவினர் கூடி ஆராய்ந்தனர். எல்லனைத் தனிநிலை மாணவியாகச் சேர்த்துக்கொள்வது என்றும், அதனைக் காட்டிப் பிற பெண்கள் இடம் கேட்கலாகாது என்றும் முடிவு செய்தனர். அவரிடம் கட்டணமும் பெறவில்லை. தம் வறுமை கண்டு இரங்கி இச்சலுகை அளித்தனர் என்று எல்லன் எண்ணி மகிழ்ந்தார். உண்மை வேறு! எவரேனும் குறை கூறினால், கட்டணம் செலுத்தாத அப்பெண் எம் மாணவியே அல்லள் என்று தலைவர் விடையிறுப்பதற்காகவே அவ்வாறு செய்தனர். இதனைப் பின்னாளில் அறிந்த எல்லன், முன்பே தெரிந்திருப்பின் அங்குச் சேர்ந்திருக்கவே மாட்டேன் என்று வருந்தினார்.

ஆய்வுக்கூடத்தில் அவரைச் சிலர் ஐயத்துடனே நோக்கினர். எல்லன் எவருடனும் வழக்காடவில்லை. தம் பாடங்களைச் செவ்வனே செய்தார். ஆசிரியர்தம் தாள்களைத் தைத்துக் கொடுத்தார், புண்பட்ட விரலுக்குக் கட்டுப் போட்டார், மேசைகளைத் துடைத்தார். நாளடைவில் அவருடைய கைத்திறமும் நுண்ணறிவும் எதிர்ப்பைத் தணித்தன. பெண்கள் அறிவியல் பயிலலாகாது என்று கருதிய பேராசிரியர் ஒருவரே, நீரின் தூய்மையைச் சோதிக்கும் பணிக்கு அவரைத் துணையாகக் கொண்டார். 1873 இல் எல்லன் அறிவியல் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே. தொடர்ந்து ஆராய்ச்சி செய்தும், டாக்டர் பட்டம் அவருக்கு அங்கே கிட்டவில்லை.

1875 இல் அக்கழகத்தின் சுரங்கப் பொறியியல் பேராசிரியர் இராபர்ட் ரிச்சர்ட்சை அவர் மணந்தார். தமக்குத் திறந்த கதவு தம்மோடு மூடிவிடுதல் கூடாது என்பதே அம்மையாரின் கவலை. ஆதலின் பாஸ்டன் நகரப் பெண்கள் சங்கம் ஒன்றின் பொருளுதவியுடன், 1876 இல் அக்கழகத்திலேயே பெண்களுக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமையச் செய்தார். அங்கு ஊதியம் பெறாமல் கற்பித்தார்; தம் கைப்பொருளையும் அதற்கு ஈந்தார். பின்னர்க் கழகம் பெண்களை ஏனைய மாணவர்களைப் போலவே சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. தனிக்கூடத்துக்குத் தேவை இல்லாமற் போகவே, 1883 இல் அது மூடப்பெற்றது. தாம் நிறுவிய கூடம் மூடப்பட்டதையே தம் வெற்றியாகக் கொள்ளும் பேறு எத்துணைப் பேர்க்கு வாய்க்கும்! அடுத்த ஆண்டு கழகம் அவரைச் சுகாதார வேதியியல் ஆசிரியராக அமர்த்தியது. இறுதி நாள் வரை அவர் அப்பணியில் இருந்தார்.

1887 இல் மாநிலத்தின் ஆறு, ஏரி, கிணறுகளின் நீரை ஆராயும் பெரும்பணி அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பல்லாயிரம் நீர் மாதிரிகள் சோதிக்கப்பெற்றன. கடலுக்கு அருகில் நீரில் குளோரின் உப்பு மிகுதியாகவும், உள்நாட்டில் குறைவாகவும் இருத்தல் இயற்கை. இவ்வியற்கை அளவைக் காட்டும் வரைபடம் ஒன்று உருவாயிற்று. ஓரிடத்து நீரில் உப்பு அவ்வளவினும் மிகுந்திருந்தால், கழிவுநீர் அதிற் கலந்திருக்கலாம் என்று அறிய அது வழிகாட்டியது.

தூய நீர், தூய காற்று, நல்லுணவு ஆகியவற்றை முதலில் வீட்டிலன்றோ நாட வேண்டும்? அம்மையார் தம் இல்லத்தையே ஆய்வுக்கூடமாக்கினார். தூசு தங்கும் தடித்த விரிப்புகளையும் திரைகளையும் நீக்கினார், காற்றோட்டம் அமைத்தார், எரிபொருட் செலவைக் கணக்கிட்டார். சமையலிலும் துப்புரவிலும் அமைந்த வேதியியலை விளக்கி 1882 இல் ஒரு நூலும், உணவுக் கலப்படம் பற்றி 1885 இல் மற்றொரு நூலும் வெளியிட்டார்.

1890 இல் பாஸ்டனில் ஏழை மக்களுக்காக ஓர் உணவுச்சாலை தொடங்கினார். குறைந்த விலையில் சத்துள்ள உணவு அளிப்பது அதன் நோக்கம். ஆனால், அங்கு வாழ்ந்த அயல்நாட்டுக் குடியேறிகள் அதனைப் பெரிதும் விரும்பவில்லை. சத்து இருந்தது; அவரவர்க்குப் பழகிய சுவை இல்லை! மக்களின் விருப்பத்தை அறியாத அறிவுரை அடுப்படி வரை செல்லாது என்பதை இம்முயற்சி உணர்த்தியது. எனினும் அது வீண்போகவில்லை. 1894 முதல் அவ்வுணவுச்சாலை பாஸ்டன் உயர்பள்ளி மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்கிற்று.

குடும்பப் பொருளியலிலும் அம்மையார் கருத்தூன்றினார். வாழ்க்கைச் செலவு பற்றி 1899 இலும், உணவுச் செலவு பற்றி 1901 இலும், உறைவிடச் செலவு பற்றி 1905 இலும், துப்புரவுச் செலவு பற்றி 1908 இலும் நூல்கள் இயற்றினார். வருவாயைப் பகுத்து உணவு, உறையுள், உடை ஆகியவற்றுக்கு இன்ன பங்கு என வகுத்தல் வேண்டும். கல்விக்கும் உள்ள வளர்ச்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்குதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆரவாரத்துக்காகச் செய்யும் செலவு அறிவுக்குரிய பங்கை விழுங்கிவிடலாகாது என அவர் கருதினார்.

1899 இல் லேக் பிளாசிட் என்னும் ஊரில் இத்துறையில் ஈடுபட்ட பதினொருவர் கூடினர். அம்மையார் அவைத்தலைவராக இருந்தார். புதிய துறைக்குப் பெயர் சூட்டுவது முதல், பள்ளி தொட்டுப் பல்கலைக்கழகம் வரை அதனைக் கற்பிக்கும் முறை வரை ஆராய்ந்தனர். மனையியல் என்று நாம் இன்று வழங்கும் கல்வி இவ்வாறு உருப்பெற்றது. ஆண்டுதோறும் நடந்த அம்மாநாடுகளின் பயனாக, 1908 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மனையியற் சங்கம் தோன்றியது. அதன் முதல் தலைவரும் அம்மையாரே.

1910 இல் ஸ்மித் கல்லூரி அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது. முன்பு கிட்டாத பட்டம் தானே தேடி வந்தது! அவ்வாண்டிலேயே, சூழ்நிலையைத் திருத்தி மக்கள் நல்வாழ்வு பெறலாம் என்னும் கருத்தை விளக்கி ஒரு நூல் எழுதினார். 1911 மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள், தம் அறுபத்தெட்டாம் வயதில் மறைந்தார்.

அம்மையாருக்கு மக்கட்பேறு இல்லை. ஆயினும் அவர் நட்ட கன்று குழந்தைகளுக்கு நிழல் தரும் மரமாயிற்று. 1920 களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் மனையியல் துறைகள் மழலையர் பள்ளிகளை அமைத்தன. குழந்தை எவ்வாறு பேசுகிறது, விளையாடுகிறது, அஞ்சுகிறது, நட்புக் கொள்கிறது என்பவற்றை மாணவியர் நேரிற் கண்டு குறித்துப் பயின்றனர். நம் தமிழகத்திலும் 1957 இல் கோயம்புத்தூரில் மகளிருக்கென ஒரு மனையியற் கல்லூரி தோன்றி, பின்னர்ப் பல்கலைக்கழக நிலைக்கு உயர்ந்தது. குழந்தை வளர்ச்சியும் குடும்ப வள மேலாண்மையும் இன்று மனையியலின் இரு பெரும் பிரிவுகளாக விளங்குகின்றன.

மாணவர்களே! இல்லத்தை நடத்துதல் எளிய தொழில் என்று எண்ணற்க. அளந்து செலவிடுதலும், குழந்தையின் உள்ளம் அறிந்து வளர்த்தலும் பெண்களுக்கு மட்டும் உரியன அல்ல. ஆண்மக்களும் கற்கவேண்டிய கலைகள் அவை. கட்டணம் பெறாமல் தம்மைக் கணக்கில் சேர்க்காது விட்ட கழகத்திலேயே, பிற பெண்கள் பெயர்கள் எழுதப்பெறுமாறு செய்தவர் எல்லன் அம்மையார். தாம் பெற்ற கல்வியைப் பிறர்க்கும் உரியதாக்கிய அவர்தம் நெறியை நாமும் பின்பற்றுவோமாக.