44 வயதில்தான் தெரிந்தது, ஓட்டுப் போடும் உரிமை இருக்கிறதென்று... யார் இந்த ஃபேனி லூ ஹேமர்?

1962 ஆகஸ்ட் 31. அமெரிக்காவின் மிஸிசிப்பி மாநிலத்தில், ரூல்வில் என்ற சின்ன ஊரிலிருந்து ஒரு பஸ் கிளம்பியது. உள்ளே 18 பேர், எல்லோரும் கறுப்பினத்தவர். பக்கத்திலிருக்கும் இண்டியனோலாவுக்குப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். அந்த 18 பேரில் ஒருவர் அன்று இரவுக்குள் வேலையையும் வீட்டையும் இழந்தார். அவர்தான் ஃபேனி லூ ஹேமர்.

பருத்திக் காட்டுப் பிள்ளை

1917 அக்டோபர் 6-ல் பிறந்தவர். வீட்டில் மொத்தம் 20 பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. பெற்றோர் வெள்ளைக்கார முதலாளியின் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். விளைச்சலில் பாதி முதலாளிக்கு. மீதியில் விதைக்கடன், கடைக்கடன் எல்லாம் கழித்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியும் நிலைமை இதுதான்.

ஹேமர் 6 வயதிலேயே பருத்தி எடுக்கப் போனார். படிப்பு சில வருடங்களோடு நின்றது. ஆனால் அந்த எழுத்தறிவே பின்னாளில் கைகொடுத்தது. பண்ணையில் யார் எவ்வளவு நேரம் வேலை செய்தார், எவ்வளவு பருத்தி எடுத்தார் என்று கணக்கு எழுதும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

1961-ல் கர்ப்பப்பையிலிருந்த கட்டியை அகற்ற ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் டாக்டர் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார். தெற்கு மாநிலங்களில் ஏழைக் கறுப்பினப் பெண்கள் பலருக்கு இதே கொடுமை நடந்தது.

ஓட்டுக்கு ஒரு பரீட்சையா?

ஆமாம். 1962 ஆகஸ்டில் ரூல்வில் சர்ச்சில் நடந்த ஒரு கூட்டத்தில்தான், தனக்கு ஓட்டுரிமை இருப்பதே அவருக்குத் தெரியவந்தது. அப்போது வயது 44. கூட்டத்தை நடத்தியது எஸ்.என்.சி.சி என்ற மாணவர் இயக்கம்.

சட்டப்படி உரிமை இருந்தது. ஆனால் அலுவலகத்தில் மாநில அரசியல் சாசனத்திலிருந்து ஒரு பிரிவை எடுத்துக் கொடுத்து, அதற்கு விளக்கம் எழுதச் சொல்வார்கள். விடை சரியா தப்பா என்று முடிவு செய்வது அங்கிருக்கும் வெள்ளைக்கார அதிகாரி. வக்கீல்களே யோசிக்கும் கேள்வி, பருத்தி எடுப்பவர்களுக்கு. ஹேமரும் அன்று தேறவில்லை.

திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மடக்கியது. சொன்ன குற்றம், பஸ்ஸின் மஞ்சள் நிறம்! அபராதம் கட்டி ஊர் வந்து சேர்ந்தால், பண்ணை முதலாளி காத்திருந்தார். பெயர் சேர்க்கும் முயற்சியைக் கைவிடு, இல்லையென்றால் வெளியேறு என்றார். 18 வருடம் உழைத்த இடத்தை அன்று இரவே விட்டுக் கிளம்பினார் ஹேமர். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே இருந்து வேலையை முடிக்க வேண்டியிருந்தது. சில நாட்களில், ஹேமர் தங்கியிருந்த வீட்டின்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது.

1963 ஜனவரியில் பரீட்சையில் தேறினார். அப்புறமும் விடவில்லை. ஓட்டு வரி கட்டிய ரசீது எங்கே என்றார்கள்.

வினோனா சிறையில் நடந்தது

1963 ஜூனில் ஒரு பயிற்சி முகாம் முடிந்து திரும்பியபோது, வினோனா என்ற ஊரில் ஹேமரையும் தோழர்களையும் போலீஸ் கைது செய்தது. சிறையில் இரண்டு கறுப்பினக் கைதிகளை மிரட்டி, அவர்கள் கையாலேயே ஹேமரை அடிக்க வைத்தார்கள். சிறுநீரகமும் ஒரு கண்ணும் வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு கொடுத்தன. வழக்கு நடந்தது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, போலீஸ்காரர்களை விடுதலை செய்தது.

ஜனாதிபதியே பதறிய பேச்சு

மிஸிசிப்பியில் ஜனநாயகக் கட்சி கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை. அதனால் 1964-ல் ஹேமரும் மற்றவர்களும் சேர்ந்து மிஸிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியைத் தொடங்கினார்கள். அதே வருடம் ஹேமர் காங்கிரஸ் பதவிக்கும் போட்டியிட்டார். வாழ்க்கையில் அவர் போட்ட முதல் ஓட்டு, தனக்கே போட்ட ஓட்டுதான்.

ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் கட்சி மாநாடு. மாநிலத்தின் உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான் என்று உரிமை கோரி, வினோனாவில் நடந்ததை டிவி கேமராக்கள் முன் விவரித்தார் ஹேமர். தெற்கு வெள்ளையர் ஓட்டு போய்விடுமோ என்று பயந்த ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், அவசரமாகத் தானும் நிருபர்களைக் கூட்டினார். நேரலை அவர் பக்கம் திரும்பியது. ஆனால் அன்று இரவே சேனல்கள் ஹேமரின் பேச்சை ஒளிபரப்ப, நாடே கேட்டது.

சமரசமாக 2 இடம் தருவதாகச் சொன்னது கட்சித் தலைமை. அதிலும் ஹேமருக்கு இடமில்லை. அவர்கள் அதை ஏற்கவில்லை. மறு வருடம், 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மிஸிசிப்பியில் வாக்காளராகப் பதிவுசெய்த கறுப்பினத்தவர் 6.7 சதவீதம்தான் இருந்தனர். 1967-க்குள் அது 59.8 சதவீதம் ஆனது.

ஓட்டுக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்?

ஹேமருக்கு அது சொந்த அனுபவம். நிலம் முதலாளியுடையதாக இருக்கும்வரை, ஓட்டுக் கேட்டால் வேலை போகும், வீடு போகும். அதனால் 1969-ல் கூட்டுறவுப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். காய்கறி விளைந்தது, ஏழைக் குடும்பங்களுக்கு வீடுகள் அமைந்தன. பன்றி வங்கி என்றும் ஒன்று நடத்தினார். ஒரு குடும்பத்துக்குப் பன்றி கொடுப்பார்கள். அது குட்டி போட்டால், அதில் சில வங்கிக்கு வரும், அடுத்த குடும்பத்துக்குப் போகும்.

பணத் தட்டுப்பாட்டில் பண்ணை 1970-களில் மூடப்பட்டது. புற்றுநோயால் 1977 மார்ச் 14-ல் ஹேமர் இறந்தபோது வயது 59. கையில் காசில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் உயரிய சிவிலியன் விருதான ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கத்தை அவருக்கு அறிவித்தது. இறந்து 47 வருடங்களுக்குப் பிறகு!

ரூல்வில்லில் இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. மைக்கைக் கையில் பிடித்திருக்கும் கோலம். அந்த பஸ் கிளம்பியதும் இதே ஊரிலிருந்துதான்.