கடலுக்கு நேரம் கணித்த தச்சர்

நடுக்கடலில் தாம் எங்கே இருக்கிறோம் என்பதை, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய மாலுமிகள் பாதியளவே அறிந்திருந்தனர். நண்பகல் கதிரவனின் உயரத்தை அளந்து, வடக்குத் தெற்காகக் கப்பல் இருக்கும் அட்சக்கோட்டைக் கணித்தனர். கிழக்கு மேற்கு நிலையைக் காட்டும் தீர்க்கக்கோட்டை அறிய நம்பத்தக்க வழி அவர்களிடம் இல்லை. 1707ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள ஸில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி நான்கு போர்க்கப்பல்கள் மூழ்கின. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714ஆம் ஆண்டு, தீர்க்கக்கோட்டை அரை பாகைக்குள் கணிக்கும் முறைக்கு 20,000 பவுண்டு பரிசினை நாடாளுமன்றம் அறிவித்தது. அதனை ஆராய ஒரு வாரியமும் அமைந்தது.

நேரமும் இடமும்

புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே, புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தையும் கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தையும் ஒப்பிட்டால் தீர்க்கக்கோடு புலப்படும். கப்பல் நிற்கும் இடத்தின் நேரத்தைக் கதிரவன் உணர்த்தும். துறைமுகத்தின் நேரத்தை உணர்த்தப் பிழையற்ற கடிகாரம் வேண்டும். ஆனால், ஊசல் கடிகாரங்கள் அலையாட்டத்தில் நிலைகுலைந்தன. வெப்பத்தில் உலோகம் விரிந்தது. குளிரில் எண்ணெய் இறுகியது. ஆறு வாரப் பயணத்தில் அரை பாகைத் துல்லியம் பெற, நாளொன்றுக்கு மூன்று நொடிக்கு மேல் பிழை நேரக்கூடாது. அத்தகைய கடிகாரம் இயலாதென்று கருதிய வானியல் அறிஞர்கள், நிலவையும் விண்மீன்களையுமே நம்பினர்.

தளராத முயற்சி

இப்பணியை மேற்கொண்டவர், 1693ஆம் ஆண்டு யார்க்‌ஷயரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த ஜான் ஹாரிசன். தாமும் தச்சராகிய அவர், மரத்தாலேயே கடிகாரங்கள் செய்தார். உராயும் உறுப்புகளை எண்ணெய்ப்பசை உடைய மரத்தால் அமைத்து, எண்ணெயிடும் தேவையையே நீக்கினார்.

1735இல் முதல் கடற்கடிகாரத்தை முடித்தார். மறு ஆண்டு லிஸ்பன் சென்று திரும்பிய பயணத்தில், கரையில் தென்பட்ட முனை எது என்பதில் கப்பல் அலுவலர்கள் தவறினர். ஹாரிசனின் கணிப்பே சரியாயிற்று. வாரியம் பாராட்டியபோது, தம் கருவியின் குறைகளை அவரே எடுத்துரைத்து, மேம்பட்டதொன்றைச் செய்ய வாய்ப்புக் கேட்டார். இரண்டாம் கடிகாரமும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மூன்றாவது பத்தொன்பது ஆண்டுகளை விழுங்கியது. வெப்ப மாற்றத்தை ஈடுசெய்யும் ஈருலோகப் பட்டை அதற்காகப் பிறந்ததே. எனினும், பேருருவக் கருவிகளைவிடச் சிறிய கடிகாரமே ஏற்றதென உணர்ந்ததும், தம் நெடுநாள் வழியை மாற்றிக்கொள்ள அவர் தயங்கவில்லை. 1759இல் உருவான நான்காம் கடிகாரத்தின் விட்டம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்.

நீதிக்கான காத்திருப்பு

1761இல் அவர் மகன் வில்லியம் அதனை ஜமைக்காவுக்கு எடுத்துச் சென்றார். 81 நாள்களில் அது காட்டிய பிழை ஏறத்தாழ ஐந்து நொடி. வாரியம் அதனைத் தற்செயல் என ஐயுற்றது. 1764இல் பார்படோஸ் பயணத்திலும் கடிகாரம் வென்றது. ஆயினும், அதன் நுட்பங்களை வல்லுநர் குழுவிடம் முழுமையாக விளக்கிய பிறகே பரிசில் பாதி கிடைத்தது. வாரியத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த வானியலாளர் பலர் நிலவு வழிக் கணிப்பையே ஆதரித்தனர். அம்முறையும் மாலுமிகளுக்குப் பயன்பட்டது. எனினும், அதற்கு நீண்ட கணக்கீடும் தெளிந்த வானமும் தேவைப்பட்டன.

முதுமையில் ஹாரிசன் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் முறையிட்டார். 1772இல் மன்னர் அவருடைய ஐந்தாம் கடிகாரத்தைத் தம் வானாய்வகத்திலேயே சோதித்து, அதன் துல்லியத்தை நேரில் கண்டார். மறு ஆண்டு நாடாளுமன்றம் 8,750 பவுண்டு வழங்கியது. அப்போது ஹாரிசனுக்கு வயது எண்பது. ஏறத்தாழ அதே காலத்தில் கேப்டன் குக், நான்காம் கடிகாரத்தின் படியொன்றுடன் தென்கடல்களைச் சுற்றிவந்து அதன் நம்பகத்தை மெய்ப்பித்தார்.

1776இல் ஹாரிசன் மறைந்தார். அவருடைய முதல் நான்கு கடற்கடிகாரங்களும் கிரீன்விச் வானாய்வகத்தில் உள்ளன. அவர் குறையுடையவை எனக் கருதிய முதல் மூன்றும் இன்றும் ஓடுகின்றன. கடலை வென்ற நான்காவது, தேய்மானத்திலிருந்து காக்கப்படுவதற்காக ஓட்டம் நிறுத்தப்பட்டு ஓய்வு கொண்டிருக்கிறது.